பதினொரு வருடப் புதியவர்கள்

மகள் தகர டின்னை இரண்டு கையாலும் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். பேனாக்கள் சடசடவென்று தரையில் கொட்டின. சாப்பிட உட்கார்ந்திருந்த அப்பாவின் தட்டுக்குள் இரண்டு விழுந்தன. கட்டிலுக்கு அடியில் ஓடியவை போக, மீதி வீடு முழுக்கப் பரவிக் கால் வைக்க இடமில்லாமல் செய்துவிட்டன. கால் வைக்க ஏற்கெனவே அந்த வீட்டில் பெரிய இடம் ஒன்றும் இருந்ததில்லை.

"நல்லா பாரும்மா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஆளுக்கு ஒண்ணு. பதினோரு வருஷம். நாம இன்னும் புதுசு!"

எல்லாம் ஒரே பேனா. வெள்ளை உடம்பு, நீல மூடி, பக்கத்தில் பொன்னெழுத்து: 'எங்கள் ஆலயத்திற்கு முதல் வருகையா? அன்புடன் வரவேற்கிறோம்.' வாங்கிய அன்றைக்கு நாலு வரி எழுதும். மறுநாள் தாளைக் கிழிக்கும். தெருப்பிள்ளைகள்கூட இப்போதெல்லாம் அந்தப் பேனாவைக் கண்டால் ஓடுகிறார்கள். ஜன்னல் கொக்கிக்குப் பதில் ஒன்று, அடுப்பு ஓட்டை குத்த ஒன்று, அப்பா முதுகு சொறிய ஒன்று என்று வீட்டில் எல்லா வேலையும் அது செய்தது, எழுதுவதைத் தவிர.

அப்பா தட்டிலிருந்து பேனாக்களை எடுத்துத் துடைத்துப் பக்கத்தில் வைத்தார். தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கித் தோலைப் புரட்டுகிற வேலை அவருக்கு. ஊரே தொட்டிக்காரர் என்றுதான் கூப்பிடும். சுண்ணாம்பு தின்ற கை. நகம் பாதிதான் இருக்கும். பேச்சும் அப்படியே, பாதிதான் வரும்.

"நான் அப்பவே..." என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. அப்போதும் அவர் ஒன்றும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. மாப்பிள்ளை பக்கத்து ஊர் மருந்துக் கடையில் வேலை. அந்த ஊர் ஆலயத்தில் கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். வாசிப்பதற்குப் பெண் வீட்டாரின் ஆலயத்திலிருந்து, 'இவர்கள் எங்கள் சபை உறுப்பினர்' என்று ஒரு கடிதம் வேண்டும். அரைப்பக்கக் கடிதம். காலையில் மாப்பிள்ளையின் அக்கா போன் செய்து, "அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள வரலேன்னா எங்க போதகர் ஐயா வாசிக்க மாட்டாராம். என்ன, நீங்க நெஜமாவே கோயிலுக்குப் போறவங்கதானே?" என்று கேட்டிருந்தாள். கடைசியில் வந்த அந்தக் கேள்விதான் டின்னைக் கவிழ்த்தது.

அம்மா குனிந்து பேனாக்களைப் பொறுக்கினாள். அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. தோலின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் சவ்வையும் கொழுப்பையும் வளைந்த கத்தியால் வழித்தெடுப்பவள். ஒரு நாளைக்கு நூற்றிருபது தோல். கீறல் விழாமல் வழிப்பாள். கத்தியக்கா என்று கூப்பிடுவார்கள். வாழ்நாளில் தோலைத் தவிர வேறெதையும் அவள் குத்தியதில்லை.

"புதன்கிழமை போதகரைப் பாக்குறேன்," என்றாள். "கடிதம் வாங்கிட்டுத்தான் வருவேன்."

"வாங்காட்டி?"

"வாங்காட்டி மறுபடியும் போவேன்."

"போ. இன்னொரு பேனா குடுப்பாங்க."

*

அந்த ஆலயத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. உள்ளே இருபது பெஞ்சு. ஒவ்வொரு பெஞ்சின் தலையிலும் ஒரு குடும்பத்தின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. தாத்தா உட்கார்ந்த இடத்தில் அப்பா, அப்பா உட்கார்ந்த இடத்தில் மகன். வெளியிலிருந்து ஒருவர் வந்தால், ஏதாவது ஒரு குடும்பம் பெஞ்சில் நகர்ந்து அவருக்கு இடம் கொடுக்க வேண்டும். இடம் கிடைத்த அன்றே அவர் பெயர் உறுப்பினர் ஏட்டில் ஏறும். நகராவிட்டால் அவர் புதியவர். புதியவர்களுக்கு என்று முன்கூடத்தில், செருப்பு அலமாரிக்கும் குடை வைக்கும் தொட்டிக்கும் நடுவில், இருபது ரோஸ் நிற பிளாஸ்டிக் நாற்காலிகள்.

தோல் கம்பெனித் தெருவிலிருந்து வந்த இருபது பேரும் பதினொரு வருடமாக அந்த இருபது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு உள்ளே ஆரம்பித்து வெளியே வந்து சேர்வதற்குள் அடுத்த அடி தொடங்கியிருக்கும். அதனால் அவர்கள் எப்போதும் ஒரு அடி பின்னாலேயே பாடினார்கள்.

வாசலில் வரவேற்க ஒருவர் உண்டு. கைகுலுக்கி என்று பெயர். ஏதோ ஆலையில் முப்பது வருடம் வாயில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஞாயிறும் கத்தியக்காவின் கையைப் பிடித்துக் குலுக்குவார். "வாங்க வாங்க! முதல் தடவையா வர்றீங்களா? எந்தப் பக்கம்? பேரு?" என்பார். நோட்டில் எழுதுவார். பேனா கொடுப்பார். நாற்காலியைக் காட்டுவார். ஆராதனை முடியும்போது போதகர் உள்ளே இருந்து, "இன்று நம்மிடையே வந்திருக்கும் புதியவர்கள் எழுந்து நிற்கவும்" என்பார். இருபது பேரும் எழுந்து நிற்பார்கள். பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்துக் கை தட்டுவார்கள். அந்தக் கைதட்டலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மனதார, சத்தமாகத் தட்டுவார்கள்.

முதல் பெஞ்சு தோல் கம்பெனி முதலாளியுடையது. அவருடைய மூக்கில் எப்போதும் ஒரு கைக்குட்டை இருக்கும். தோல்காரர்கள் மீது அடிக்கும் நாற்றம் ஆராதனைக்கு ஆகாது என்று ஆரம்பத்திலேயே சொன்னவர் அவர்தான். கம்பெனியிலிருந்து அந்த நாற்றம் அவர் வீட்டுக்குப் போகும்போது காராகவும் மாடியாகவும் மாறிப் போகும். கத்தியக்கா வீட்டுக்கு வரும்போது நாற்றமாகவே வரும். வித்தியாசம் அவ்வளவுதான்.

புதன்கிழமை வேலை முடிந்து, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, கத்தியக்கா போதகரின் அறைக்குப் போனாள். போதகர் நல்ல மனிதர். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்த கையோடு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

"வாங்கம்மா, உக்காருங்க. புதுசா வர்றீங்களா?"

"பதினோரு வருஷமா வர்றேங்க ஐயா."

"சந்தோஷம், சந்தோஷம்." உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டார். உறுப்பினர் ஏட்டை எடுத்தார். விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போய், மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்தார். இல்லை என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் தேடாமல் இல்லை என்று சொல்வது மரியாதையல்ல என்று நினைக்கிறவர்.

"உங்களுக்கு எந்தப் பெஞ்சு நகர்ந்து குடுத்துச்சு?"

"எதுவும் நகரலீங்க."

"ஆங்... அப்ப ஏட்டுல எப்படி இருக்கும்?"

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா நகர மாட்டாங்களா ஐயா?"

போதகர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "சொல்லி நகர்ந்தா அது நகர்றதாம்மா? அன்புங்கறது தானா வரணும். நான் நகருங்கன்னு சொன்னா அது கட்டளை ஆயிடும்."

"பேங்க் மேனேஜர் போன வருஷம் வந்தாரு. அன்னிக்கே நகர்ந்தாங்களே."

"அது தானா வந்துச்சு."

தானாகத்தான் வந்தது. கத்தியக்காவே பார்த்தாள். மேலாளர் வாசலில் தலையைக் காட்டியதும் மூன்று பெஞ்சுகள் ஒரே நேரத்தில் நகர்ந்தன. நகர்ந்த வேகத்தில் ஒரு பெஞ்சின் கடைசியில் இருந்த பெரியவர் தொப்பென்று கீழேயே விழுந்துவிட்டார். விழுந்த இடத்திலிருந்து, "வாங்க சார், இடம் இருக்கு" என்றும் சொன்னார்.

"பொண்ணு கல்யாணம் நின்னுடும் ஐயா."

"ஜெபம் பண்றேன்மா," என்றார் போதகர். அவள் கிளம்பும்போது மேசை இழுப்பறையைத் திறந்து, மறக்காமல் ஒரு பேனாவைக் கொடுத்தார்.

*

சனிக்கிழமை பிற்பகல் தோல் கம்பெனித் தெருவுக்குள் ஒரு அதிசயம் நடந்தது. ஆலயத்திலிருந்து ஆள் வந்தது.

வந்தவர் கைகுலுக்கி. முதலாளியின் கார் தெருமுனையிலேயே நின்றுகொண்டது. உள்ளே முதலாளி இருந்தார். கண்ணாடி ஏற்றியே இருந்தது. கைகுலுக்கி மட்டும் கால்வாயைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தார். கத்தியக்கா வீட்டு வாசலில் நின்று பழக்கதோஷத்தில் கையை நீட்டி, "வாங்க வாங்க" என்றார்.

"வந்தது நீங்கண்ணே," என்றாள் கத்தியக்கா. "உள்ள வாங்க."

உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, விஷயத்துக்கு வந்தார். அதற்குள் பக்கத்து வீட்டு ஆணியண்ணனும் வந்து நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். ஈரத் தோலைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடிப்பவர். வாயும் அப்படித்தான், ஆணி அடித்த மாதிரி.

விஷயம் இது. வருடா வருடம் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இந்த வருடம் புதிதாக ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள்: ஓராண்டில் எத்தனை புதியவர்களை வரவேற்றீர்கள்? கைகுலுக்கி தன் நோட்டைப் பார்த்துக் கூட்டி எழுதி அனுப்பினார். வாரம் இருபது. வருடம் ஐம்பத்திரண்டு வாரம். ஆயிரத்து நாற்பது.

சுற்றுவட்டாரத்தில் மற்ற எல்லா ஆலயமும் சேர்ந்து வரவேற்றது அறுபத்திரண்டு பேரை.

"பேராயர் அப்படியே அசந்து போயிட்டாராம்," என்றார் கைகுலுக்கி. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கேடயம் குடுக்க நாளைக்கு நேர்ல வர்றாரு. அந்த ஆயிரத்து நாப்பது பேரையும் பாக்கணும்னு ஆசைப்படுறாரு."

ஆணியண்ணன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாக்கட்டும், பாக்கட்டும். நான் மட்டுமே அம்பத்திரண்டு பேரு!"

"சிரிக்காதீங்க தம்பி. மானம் போயிடும். அதான் முதலாளி ஐயா ஒரு யோசனை சொன்னாரு." காரிருந்த திசையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "உங்க தெரு ஆளுங்க எல்லாரும் வரணும். ஒரு நூறு பேரு தேறுமா? முன்வாசல்ல வந்து, நான் கை குடுத்தப்புறம், பின்வாசல் வழியா வெளிய போயி, வேற உடுப்பு மாத்திக்கிட்டு, மறுபடி முன்வாசல்ல..."

"அண்ணே, சுத்திச் சுத்தி வர நாங்க என்ன செக்கு மாடா?"

"பத்து சுத்து போதும் தம்பி."

கத்தியக்கா கையைக் காட்டி ஆணியண்ணனை அடக்கினாள். "சுத்தெல்லாம் வேணாம். நூறு பேரு வருவோம். எம்பொண்ணுக்கு சபைக் கடிதம் வேணும். அதைச் சொல்லுங்க."

கைகுலுக்கி காருக்குப் போய்க் கேட்டார். கண்ணாடி இரண்டு விரல் இறங்கி, மறுபடி ஏறியது. திரும்பி வந்தார். "முதல்ல கேடயம் வரட்டும், அப்புறம் பாப்போம்னு சொல்றாரு."

"பாப்போம்னா?"

"பாப்போம்னா... பாப்போம்தாம்மா." கைகுலுக்கி அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரின் அடியைப் பார்த்தார். "அப்புறம், நீங்கதான் பேராயர் முன்னாடி ரெண்டு வார்த்தை பேசணுமாம். இன்னிக்குத்தான் முதல் தடவையா வந்தேன், சொந்த வீடு மாதிரி கவனிச்சாங்கன்னு."

டின் இருந்த மூலையிலிருந்து மகள் கேட்டாள்: "மாமா, நெஜமாவே எங்க மொகம் உங்களுக்கு ஞாபகம் இருக்காதா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "முப்பது வருஷம் கேட்டுல நின்னவன்மா நான்," என்றார் மெதுவாக. "மூவாயிரம் பேரு மொகம் தெரியும். நீ வந்தப்ப முன்பல்லு ரெண்டு இல்லாம வந்தே. எல்லாம் ஞாபகம் இருக்கு. ஞாபகம் வெச்சுக்காதேன்னு சொல்லி வெச்சிருக்காங்க. சொன்னதைச் செஞ்சே பழகிப்போச்சு."

எழுந்தார். வாசல் வரை போய்த் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"ஒரு சின்ன உதவி. பேனா தீர்ந்து போச்சு. அச்சுக் கடைக்காரன் திங்கக்கிழமைதான் தருவானாம். உங்க கிட்ட இருக்கறதைக் கொண்டு வந்தீங்கன்னா, அதையே நாளைக்கு உங்களுக்குக் குடுத்துடலாம்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தொட்டிக்காரருக்குத் தெரியவில்லை.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றாள் கத்தியக்கா.

"ஆறரைக்கே வந்துடுங்க. பேராயர் ஒம்பதுக்கு. நடுவுல ஒத்திகை பாக்கணும்ல."

ஒத்திகைக்கு நேரம் குறித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து ஐந்தரைக்குச் சங்கு ஊதும் கம்பெனிக்குப் போகிறவர்களிடம் ஆறரை என்று சொன்னால் ஆறுக்கே வந்து நிற்பார்கள். எட்டுக்குமுன் எழுந்து பழக்கமில்லாதவர்கள் ஒத்திகை என்று சொன்னாலும் எழ மாட்டார்கள்.

*

ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தோல் கம்பெனித் தெரு ஆலயத்தின் முன்கூடத்தில் நின்றது. நூற்றுப்பதினாறு பேர். துவைத்த உடுப்பு, ஈரத்தலை. தொட்டிக்காரர் பேனா டின்னைத் தோளில் வைத்திருந்தார்.

முன்கூடம் காலி. ரோஸ் நாற்காலிகள் இல்லை. பேராயருக்குச் சிற்றுண்டி வைக்கவென்று இருபது நாற்காலியையும் மைதானத்தில் கொண்டுபோய்ப் போட்டு, வாடகைக்கு எடுத்த இன்னும் நூறு நாற்காலிகளை அவற்றோடு சேர்த்து, வட்டம் வட்டமாக வைத்திருந்தார்கள். காவலுக்கு இருந்தவன் கதவைத் திறந்துவிட்டுத் தூங்கப் போய்விட்டான். கைகுலுக்கியைப் பேராயரை அழைத்துவர முதலாளியின் காரில் விடியுமுன்பே அனுப்பியிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் நின்றார்கள். தொட்டிக்காரருக்கு முட்டி வலித்தது. ஆணியண்ணனின் மனைவி நிறைமாதம்.

"எங்கக்கா உக்கார்றது?" என்றார் ஆணியண்ணன்.

கத்தியக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். பதினொரு வருடத்தில் அந்த நிலையை அவள் தாண்டியதில்லை. பெஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன. பழுப்புத் தோல் மெத்தை தைத்த பெஞ்சுகள். நாலு வருடம் முன்னால் முதலாளி தன் செலவில் எல்லாப் பெஞ்சுக்கும் மெத்தை போட்டுக் கொடுத்து அதற்கும் கைதட்டு வாங்கியிருந்தார். அவள் மெதுவாக உள்ளே போனாள். முதல் பெஞ்சின் ஓரத்தில் மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பிறகு குனிந்து பார்த்தாள். அரைவிரல் நீளத்துக்கு ஒரு கீறல். மேலே சாயம் பூசியிருந்தும் தெரிந்தது.

மகளுக்குக் காய்ச்சல் என்று கம்பெனிக்குத் தகவல் வந்த அன்று, கத்தி வழுக்கி விழுந்த கீறல். வருடக்கணக்கில் அவள் போட்ட ஒரே கீறல். மேஸ்திரி அதற்காக அவளை நாள் முழுக்க நிற்க வைத்தான்.

"இது நான் வழிச்ச தோலு," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

ஆணியண்ணன் இரண்டாவது பெஞ்சைத் தட்டிப் பார்த்தார். "இது நான் இழுத்து அடிச்சது." உட்கார்ந்தார். பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஊறப்போட்டவர்கள், வழித்தவர்கள், சாயம் ஏற்றியவர்கள், வெயிலில் காயப்போட்டவர்கள் எல்லாரும் அவரவர் வேலையின் மேல் உட்கார்ந்தார்கள். இருபது பெஞ்சும் நிறைந்தது. நிறைமாதக்காரிக்கு மட்டும் இரண்டு ஆள் இடம். நகர்ந்து கொடுத்தார்கள். யாரும் கீழே விழவில்லை.

போதகரும் பெஞ்சுக் குடும்பங்களும் எட்டே முக்காலுக்குத்தான் வந்து, உள்ளே எட்டிப் பார்க்காமல், பூங்கொத்தோடு வெளிவாசலில் வரிசை கட்டி நின்றார்கள். முதலாளியின் காரில் பேராயர் வந்தார். பூங்கொத்து கொடுத்தார்கள். படம் பிடித்தார்கள். பேராயர் முன்னால் வர, போதகரும் முதலாளியும் இரண்டு பக்கம் வர, பின்னால் இருபது குடும்பமும் உள்ளே நுழைந்தது.

நுழைந்த இடத்திலேயே எல்லாரும் நின்றார்கள்.

பெஞ்சில் இருந்த நூற்றுப்பதினாறு பேரும் எழுந்து நின்று, பதினொரு வருடமாகப் பார்த்துப் பழகியபடி, திரும்பிப் பார்த்து, மனதாரக் கை தட்டினார்கள்.

முதலாளியின் முகம் சுண்ணாம்பில் ஊறிய தோல் மாதிரி வெளுத்தது. "யோவ்," என்றார் கைகுலுக்கியிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. "என்னய்யா இது? ஏதாவது செய்யி!"

கைகுலுக்கி பெஞ்சுகளையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பெஞ்சில் இருப்பவர் பழையவர், வாசலில் இடமில்லாமல் நிற்பவர் புதியவர். அவர் கை தானாக நீண்டது. முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கியது.

"வாங்க வாங்க," என்றார். "முதல் தடவையா வர்றீங்களா?"

அதைச் சொல்லும்போது அவருக்குப் புத்தி பேதலித்திருந்ததா, முப்பது வருடத்துக்குப் பிறகு தெளிந்திருந்ததா என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஓடிப்போய் மைதானத்திலிருந்து ரோஸ் நாற்காலிகளைத் தூக்கி வந்தார். செருப்பு அலமாரிக்கும் குடைத்தொட்டிக்கும் நடுவில் போட்டார். தொட்டிக்காரரின் டின்னிலிருந்து அள்ளி, ஆளுக்கு ஒரு பேனா கொடுத்தார்.

பேராயர் முன்னால் சண்டை போட முடியுமா? இருபது குடும்பமும் முன்கூடத்தில் நாற்காலிக்கு இரண்டு மூன்று பேராக உட்கார்ந்தது. பேங்க் மேலாளருக்கு நாற்காலி கிடைக்கவில்லை. குடைத்தொட்டியின் விளிம்பில் சாய்ந்துகொண்டார்.

பேராயர் மேடையேறினார். நிறைந்த பெஞ்சுகளைப் பார்த்தார். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த, நல்ல உடுப்பு உடுத்திய குடும்பங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"எத்தனையோ ஆலயம் பார்த்திருக்கிறேன்," என்றார். "புதியவர்களை வரவேற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தங்கள் சொந்தப் பெஞ்சையே முழுதாகக் கொடுத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்!"

முதலாளி உட்கார்ந்த நாற்காலியில் ஒரு கால் விரிசல் விட்டது. அது பதினொரு வருடமும் தொட்டிக்காரர் பதமாக உட்கார்ந்து காப்பாற்றி வந்த நாற்காலி.

"புதியவர்களில் ஒருவர் வந்து பேசுங்கள்," என்றார் பேராயர்.

கத்தியக்கா எழுந்து போனாள். போதகர் அவளைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார்.

"எவ்வளவு நாளா வர்றீங்கம்மா?" என்று கேட்டார் பேராயர்.

"பதினோரு வருஷமா புதுசுங்க ஐயா."

பேராயர் நெஞ்சில் கைவைத்தார். "கேட்டீர்களா! பதினொரு வருடம் ஆகியும் ஒவ்வொரு வாரமும் புதிதாக வருகிறாராம். என்ன விசுவாசம்! நமக்கெல்லாம் இரண்டாம் வாரமே அலுத்துவிடுகிறது." அடுத்த கால் மணி நேரம் அதைப் பற்றியே உருகி உருகிப் பேசினார். கத்தியக்கா நின்றுகொண்டே இருந்தாள். மேஸ்திரி நிற்க வைத்த நாளைவிட இது ஒன்றும் அதிகமில்லை.

அவர் மூச்சு வாங்கிய இடத்தில் அவள் மடித்து வைத்திருந்த தாளை நீட்டினாள். மகள் கடையில் அச்சடித்து வாங்கி வந்தது. "எம்பொண்ணு கல்யாணத்துக்கு சபைக் கடிதங்க. ஐயா ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

"போடுங்க போதகரே, இதுல என்ன இருக்கு?" என்றார் பேராயர்.

போதகர் தாளைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஒரு வழக்கம் இருக்குங்க. பெஞ்சு நகர்ந்து இடம் குடுத்தாத்தான் உறுப்பினர்."

"நகர்ந்தா?" பேராயர் முன்கூடத்தைக் காட்டிச் சிரித்தார். "இதைவிட எங்கய்யா நகர்றது? தெருவுக்கா?"

போதகர் தாளை வாங்கினார். படித்தார். மறுபடி படித்தார். சட்டைப்பையைத் தொட்டார். அங்கியைத் தட்டினார். "பேனா இல்லையே," என்றார். குரலில் ஒரு நிம்மதி. "அடுத்த வாரம்..."

பேராயர் முன்கூடத்தைப் பார்த்து, "யாரிடமாவது பேனா இருக்கிறதா?" என்று கேட்டார். முதலாளியின் பையில் தங்க மூடி போட்ட பேனா மின்னியது. அவர் கை மெதுவாக எழுந்து அதை மூடியது. மேலாளரின் கையும் எழுந்தது. ஒவ்வொரு கையாக எழுந்து எல்லாரும் நெஞ்சைப் பொத்திக்கொண்டார்கள். பார்ப்பதற்கு ஏதோ சத்தியப்பிரமாணம் எடுப்பவர்கள் போல இருந்தது. பேராயர் அதற்கும் நெகிழ்ந்தார்.

தொட்டிக்காரர் முதல் பெஞ்சிலிருந்து எழுந்து, டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து, போதகர் முன்னால் வைத்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார்.

"இந்தாங்க ஐயா, உங்க பேனாதான்."

போதகர் ஒன்றை எடுத்தார். தாளின் ஓரத்தில் கிறுக்கினார். எழுதவில்லை. இன்னொன்று. எழுதவில்லை. உதறினார். ஊதினார். முனையை நாக்கில் வைத்துப் பார்த்தார். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடுதான் விழுந்தது.

"பாத்தீங்களா," என்றார். "எழுத மாட்டேங்குது. நான் என்னம்மா செய்யட்டும்?"

கத்தியக்கா எழுதாத பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள். நாளைக்கு நூற்றிருபது தோல் வழிக்கிற கை. அவசரமே இல்லாமல் டின்னுக்குள் போய் அடுத்ததை எடுத்தது. மூடியைக் கழற்றி நீட்டியது.

அதுவும் எழுதவில்லை. அடுத்தது. அடுத்தது.

பெஞ்சில் ஒருவரும் அசையவில்லை. முதல் பெஞ்சில் மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்திலிருந்த கீறலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். வெளியே மைதானத்தில் சிற்றுண்டி ஆறிக்கொண்டிருந்தது. முன்கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் கால் முறியும் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு பாருங்க ஐயா," என்றாள் கத்தியக்கா. "பதினோரு வருஷம் குடுத்திருக்கீங்க. ஒண்ணாச்சும் எழுதாமயா போயிடும்?"

டின்னில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.